பெயர் மாற்றப்பட்டுள்ளது

நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்பவர்களுக்கு இன்றுவரை ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஹட்டனில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் வாடகை அறை. ஒரு மேசை, ஒரு லெப்டொப், மழை இருட்டிக்கொண்டு வந்தாலே அறுந்துபோகும் இணையம். அபிவிருத்தி நிறுவனங்களும் அரச திணைக்களங்களும் அனுப்பும் அறிக்கைகளையும் கையேடுகளையும் தமிழில் திருத்திக் கொடுக்கிறேன். சில நேரம் நானே எழுதுவேன். டெங்கு வந்தால் டெங்கு, மண்சரிவு வந்தால் மண்சரிவு. கை கழுவுவதைப் பற்றி மட்டும் எத்தனை விதமாக எழுதியிருப்பேன் என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும்.

அம்மா இன்னும் கந்தப்பளைக்குப் பக்கத்துத் தோட்டத்தில்தான் இருக்கிறார். நான் செய்த கையேடு ஒன்றை ஒருமுறை கொண்டுபோய்க் கொடுத்தேன். முன்னும் பின்னும் புரட்டினார்.

"ஒம் பேரு எங்க?"

"எம் பேரு வராதும்மா."

"எழுதுனது நீதானே?"

"நான்தான்."

"அப்ப யாரு பேரு வரும்?"

"ஆபிஸ் பேரு."

அம்மா அதை அரிசி டின்னுக்கு மேல் வைத்தார். அடுத்தமுறை போனபோது அட்டையில் சூடான சட்டியின் வட்டம் பதிந்திருந்தது. எனக்குக் கோபம்கூட வரவில்லை. மகள் பெயர் இல்லாத புத்தகத்தை அவர் வேறு எதற்குப் பயன்படுத்துவார்?

இந்தத் தொழிலுக்கென்று ஒரு தனித் தமிழ் இருக்கிறது. வீட்டில் யாரும் பேசாத, கடையில் யாரும் கேட்காத தமிழ். அதில் ஆட்கள் ஆட்களாக இருப்பதில்லை, 'பயனாளி' ஆகிவிடுவார்கள். விடியற்காலைக் குளிரில் எழும்பி, ரொட்டி தட்டி, பிள்ளையைக் கிளப்பி, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடி, மலை ஏறிக் கொழுந்து பறிக்கிற பெண்ணை 'வலுவூட்ட' வேண்டும் என்று நாங்கள் எழுதுவோம். ஆரம்பத்தில் நான் இந்தச் சொற்களோடு மல்லுக்கட்டினேன். 'பயனாளி'யை வெட்டிவிட்டு 'பெண்' என்று போடுவேன். கொழும்புக்குப் போய்த் திரும்பி வரும்போது அது 'பெண் பயனாளி' ஆகியிருக்கும். பிறகு விட்டுவிட்டேன். சோறு போடுகிற தமிழும் அதுதானே.

ஒவ்வொரு திட்டம் முடியும்போதும் 'மாற்றத்தின் கதை' கேட்பார்கள். அதற்கு ஓர் அச்சு உண்டு. முதல் பந்தியில் கஷ்டம். இரண்டாவது பந்தியில் திட்டம் வந்து சேரும். மூன்றாவதில் விடிவு. கடைசியில் மேற்கோள் குறிக்குள் ஒரு நன்றி, பக்கத்தில் சிரித்த முகத்தோடு படம். படத்தில் முகம் அடையாளம் தெரியாதபடி பக்கவாட்டில் இருக்கவேண்டும், ஆனால் சிரிப்பது தெரியவேண்டும். எப்படி என்று கேட்காதீர்கள், எடுத்துவிடுகிறார்கள். பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இரண்டு சொற்கள் வரும்: பெயர் மாற்றப்பட்டுள்ளது.

அந்த மாற்றுப் பெயரைத் தேடுவது பெரும்பாலும் என் பொறுப்பு. கொழும்பில் இருப்பவர்களுக்கு மலையகத்துப் பெண் என்றால் ஒரே ஒரு பெயர்தான் தெரியும் போல. எந்தக் கதை வந்தாலும் அதையே வைத்து அனுப்புவார்கள். நான் விடமாட்டேன். பெயர் ஆளின் வயதுக்குப் பொருந்தவேண்டும். அந்தக் காலத்தில் அந்தத் தோட்டத்தில் வைத்திருக்கக்கூடிய பெயராக இருக்கவேண்டும். அந்த லயத்தில், ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில், வேறு யாருக்கும் இருக்கக்கூடாது. இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பெயர் வைத்த பிறகு அந்தப் பெண் என் மனதில் அந்தப் பெயரோடுதான் நடமாடுவார். நிஜ ஆளை பஸ் நிலையத்தில் கண்டால், நான் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட வாய் வந்துவிடும்.

கேலி செய்தாலும் பெயரை மாற்றவேண்டும் என்ற அந்த விதியை நான் மதிக்கிறேன். லயத்தில் ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுக்குச் சுவர் ஏறிப் போய்விடும். புருஷன் அடித்ததை ஒரு பெண் நம்பிச் சொல்வாள். அது அவள் பெயரோடு அச்சில் வந்தால், அதற்குப் பிறகும் அவள் அதே வீட்டுக்குள்தான் போய்ப் படுக்கவேண்டும். எழுதியவர்கள் நாங்கள் வேறு கதைக்குப் போய்விடுவோம். பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. பிள்ளையின் பெயர் எந்தக் காரணத்துக்காகவும் வரக்கூடாது.

இதையெல்லாம் பார்ப்பதற்குக் கொழும்பில் ஒரு பெண்மணி இருக்கிறார். எங்கள் ஃபைல்களைக் கடைசியாகப் பார்ப்பவர். நான் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. பக்கத்தின் ஓரத்தில் அவர் எழுதும் குறிப்புகள் வழியாகத்தான் பழக்கம். நல்ல தமிழ். வேண்டாத ஒரு சொல்லைத் தப்பவிடமாட்டார். ஆசைப்பட்டு நான் ஒரு 'மிகவும்' போட்டால், போட்ட இடத்திலேயே வெட்டுப்படும். அவரிடம் எனக்குப் பயமும் உண்டு, மரியாதையும் உண்டு.

கள வேலையில் என்னோடு இருப்பவரை ஊரே டீச்சர் என்று கூப்பிடுகிறது. யாழ்ப்பாணத்துக்காரி. இங்கே ஒரு பாடசாலைக்கு நியமனம் கிடைத்து வந்தவர். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டார், ஊரை விடவில்லை. என் வயதுதான். பழகிய புதிதில் அவர் தமிழை நானும் என் தமிழை அவரும் மனதுக்குள் நக்கலடித்துக்கொண்டிருந்தோம் என்பதை நெடுநாள் கழித்து ஒருவருக்கொருவர் ஒப்புக்கொண்டோம். அவர் வீடுகளில் போய் உட்கார்ந்து ஆட்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொண்டு வருவார். நான் வெட்டி, ஒட்டி, அச்சுக்குள் போடுவேன். அவரிடம் ஒரு பழக்கம். யாராவது எதையாவது கேட்டால் உடனே "ஓம்" என்பார். கேட்டது என்ன என்பது அதற்குப் பிறகுதான் அவருக்கே விளங்கும்.

அப்படி ஒரு 'ஓம்'மைச் சொல்லிவிட்டுத்தான் ஒருநாள் என் அறைக்கு வந்து, குடையைக்கூட மடக்காமல் நின்றார்.

"நான் ஒரு பிழை விட்டிட்டன்," என்றார்.

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், கீழ் லயத்தில் இருக்கும் ஓர் அக்காவின் கதையை எழுதப் போயிருந்தார். தண்ணீர் வந்த கதை. அந்த லயத்துப் பீலிக்கு, அதாவது எல்லோரும் குடம் வைத்துப் பிடிக்கும் நீர்த்துவாரத்துக்கு, ஓர் ஓடையிலிருந்துதான் தண்ணீர் வந்தது. மேல் லயத்துக் கழிவெல்லாம் அந்த ஓடையில்தான் கலந்தது. எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் அதையே குடித்தார்கள். அக்காவின் மகளுக்கு மஞ்சள்காமாலை வந்தது. ஒரே பிள்ளை, சின்ன வகுப்பில் படித்துக்கொண்டிருந்தவள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கை மீறிவிட்டது. டொக்டர் தண்ணீரைத்தான் குற்றம் சொன்னார்.

அதற்குப் பிறகு அந்த அக்கா சும்மா இருக்கவில்லை. தோட்ட ஆபிஸுக்குப் போனார், பிரதேச சபைக்குப் போனார், பிரதேச செயலகத்துக்குப் போனார். தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில், "வத்துர நே மாத்தயா" என்று, தண்ணி இல்லங்க ஐயா என்று, மேசை மேசையாகச் சொன்னார். முதலில் தனியாக, பிறகு லயத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு. கடைசியில் எங்களுக்கு வேலை கொடுக்கும் நிறுவனம் குழாய் கொடுத்தது. மலை உச்சியின் ஊற்றிலிருந்து அந்தக் குழாய்களைப் பெண்களே தோளில் சுமந்து இறக்கினார்கள். இப்போது லயத்துக்கு நல்ல தண்ணீர் வருகிறது. அச்சுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரிக் கதை. கஷ்டம், திட்டம், விடிவு.

"கதை சொல்லி முடிச்ச பிறகு அவ என்னட்டை ஒண்டே ஒண்டுதான் கேட்டவ," என்றார் டீச்சர். "பிள்ளையின்ரை பேர் புத்தகத்திலை வருமோ எண்டு. நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

"டீச்சர், உங்களுக்கு விதி தெரியாதா?"

"தெரியும். அந்த முகத்தைப் பாத்துக்கொண்டு ஏலாது எண்டு எப்பிடிச் சொல்லுறது? நீர் எண்டால் சொல்லியிருப்பீரோ?"

நான் என்றால் சொல்லியிருப்பேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

கொழும்புக்கு எழுதிக் கேட்டுப் பார்த்தேன். பிள்ளை உயிரோடு இல்லை, தாயே விரும்பிக் கேட்கிறார், ஒரே ஓர் இடத்தில் போட்டால் போதும் என்று. அன்றைக்கே பதில் வந்தது. மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். அது வெறும் மரியாதைப் பேச்சு இல்லை என்பது வாசிக்கும்போதே தெரிந்தது. ஆனால் விதிக்கு விலக்கு இல்லை. தாயின் பெயரும் வழக்கம்போல மாற்றப்படவேண்டும், பிள்ளையை 'மகள்' என்று மட்டும் குறிப்பிடலாம். ஓர் இடத்தில் விட்டால் அடுத்த இடத்தில் யார் யாரோ தங்கள் வசதிக்கு அதைக் காட்டுவார்கள் என்று காரணமும் சொல்லியிருந்தார்.

அக்காவிடம் போனில் சொல்லிவிடலாம் என்றேன். டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை தலவாக்கலையில் பஸ் மாறி அக்கரப்பத்தனைக்குப் போனோம். வழி முழுக்க டீச்சர் எதுவும் பேசவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இந்த வளைவுகள் ஒத்துவராது, தலைசுற்றுகிறதாக்கும் என்று நினைத்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும், "நீர்தான் சொல்லவேணும்," என்றார். அவ்வளவு நேரமும் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அக்காவின் வீடு லயத்தின் கோடியில். வாசலில் புதுக் குழாய். அதற்குக் கீழே சிமெந்துத் தளம், பக்கத்தில் ஒரு சட்டியில் ரோஜா. நான் கந்தப்பளைப் பக்கத்து லயத்துப் பிள்ளை என்று தெரிந்ததும், "அப்ப நம்ம புள்ளையா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் அவருக்குத் தங்கச்சி. டீச்சர் டீச்சர்தான். பால் ஊற்றாத பிளேன்டி வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன்.

"அக்கா, புள்ளங்க பேரு போடக்கூடாதுன்னு ஆபிஸ்ல ஒரு சட்டம் இருக்குங்க."

"அது உசுரோட இருக்க புள்ளைகளுக்குத்தானே தங்கச்சி?"

"எல்லாப் புள்ளைக்கும்தாங்கக்கா. புள்ளைக்கு ஏதும் கெடுதல் வந்துறக்கூடாதுன்னு."

"அவளுக்கு இனி என்னா கெடுதல் வரப்போவுது?"

அவர் குரலில் கோபமே இல்லை. நிஜமாகவே கேட்டார். நான் சுவரைப் பார்த்தேன். சாமிப் படங்களும் ஒரு கடைக் கலண்டரும் இருந்தன. பிள்ளையின் படம் ஒன்றும் இல்லை.

"தங்கச்சி, அவ பேர இந்த லயத்துல யாருமே சொல்றதில்ல," என்றார். "சொன்னா நான் அழுதுருவேன்னு பயப்படுறாங்க. 'அந்தப் புள்ள'ம்பாங்க. எங்க வீட்டுக்காரரு 'பாப்பா'ம்பாரு, அதுக்கு மேல அவருக்கு வாய் வராது. பொதச்ச எடத்துல மேடுகூட இல்ல, மழையில கரஞ்சு போச்சு. எனக்கு எல்லார் மேலயும் கோவம் இல்ல. நல்ல மனசுலதான் சொல்லாம இருக்காங்க. ஆனா நானும் எத்தன நாளைக்கு மனசுக்குள்ளயே கூப்புட்டுக்கிட்டு இருக்கது? பொஸ்தகத்துல வந்தா யாராச்சும் வாசிப்பாங்க. வாசிக்கிறப்ப பேரச் சொல்லித்தானே ஆவணும்? அதுக்குத்தான் டீச்சர்கிட்ட கேட்டேன்."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறைப்பதற்காகப் பிளேன்டியை ஒரே மடக்காகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். டீச்சர் தன் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வெளியே குழாயில் யாரோ குடம் வைத்தார்கள். அது நிறையும் சத்தம் முழுவதும் கேட்டது.

"அப்ப எம் பேராச்சும் வருமா?" என்று கேட்டார் அக்கா.

"உங்க பேரையும் மாத்தித்தாங்கக்கா போடுவோம்."

"எனக்கு என்னா பேரு வச்சிருக்கீங்க?"

சொன்னேன். வயதுக்கும் ஊருக்கும் பொருந்துகிற மாதிரி, பார்த்துப் பார்த்து வைத்த பெயர். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஐயோ, அது எங்க சின்ன மாமியா பேரு! அவுங்களுக்கும் எனக்கும் ஆவவே ஆவாது. வேணாம் தங்கச்சி!"

டீச்சரும் சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. என் பெருமை அந்த இடத்திலேயே கவிழ்ந்தது. சிரித்து முடித்த அக்கா கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டு இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எப்பிடியும் எம் பேர மாத்தத்தானே போறீங்க? அப்ப எனக்கு அவ பேர வைங்களேன்."

எனக்கு உடனே பிடிபடவில்லை. டீச்சர் வழக்கம்போல முதலில் "ஓம்" என்றார். இந்தமுறை கேட்டது என்ன என்று தெரிந்துதான் சொன்னார் என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது.

அடுத்த நாள் காலை ஃபைலைத் திறந்தேன். ஒரு பெயருக்குப் பதிலாக இன்னொரு பெயரைப் போடுவது கணினியில் கண் இமைக்கும் நேர வேலை. பழைய பெயரை ஒரு கட்டத்தில் அடித்து, புதிய பெயரை அடுத்த கட்டத்தில் அடித்து, ஒரு தட்டு. எல்லா இடத்திலும் மாறிவிட்டது. பிறகு முதலிலிருந்து வாசித்துப் பார்த்தேன். வாசிக்க முடியவில்லை.

சின்ன வகுப்போடு நின்றுபோன அந்தப் பிள்ளை தோட்ட ஆபிஸ் படியில் ஏறிக்கொண்டிருந்தாள். மழையில் பஸ்ஸுக்கு நின்றாள். பிரதேச செயலகத்தில் மேசைக்கு முன்னால் போய், "வத்துர நே மாத்தயா" என்றாள். போகச் சொன்னபோது போகாமல் வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். மலை உச்சியிலிருந்து குழாயைத் தோளில் வைத்து இறங்கினாள். பலநூறு கதைகளைத் திருத்தியிருக்கிறேன். ஒரு பெயர் இப்படி எழும்பி நடந்ததை நான் பார்த்ததில்லை. லெப்டொப்பை மூடிவிட்டுக் கீழே போய், மருந்துக்கடை வாசலில் நின்று கொஞ்ச நேரம் வாகனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாக்கியம் மட்டும் என்னைப் படாதபாடு படுத்தியது. அந்தப் பெயருக்கு உரியவர் தன் மகளை இழந்தார் என்று வரும் வாக்கியம். அந்தப் பெயரும் அந்தச் சாவும் ஒரே வரியில் நின்றன. எப்படித் திருப்பிப் போட்டாலும் நெஞ்சில் குத்தியது. கடைசியில், "அந்த வருடம் அந்த வீட்டில் ஒரு பிள்ளை இல்லாமல் போனது" என்று எழுதினேன். அந்த வரியில் யாருடைய பெயரும் இல்லை. டீச்சரிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, "இதை இனித் தொடாதேயும்," என்றார்.

ஃபைல் கொழும்புக்குப் போனது. எதிர்பார்த்த குறிப்பு வந்தது. ஒவ்வொரு கதைக்கும் அவர் கேட்கும் வழக்கமான கேள்விதான்: 'மாற்றுப் பெயர் குடும்பத்தில் வேறு எவருடையதும் அல்ல என்பதை உறுதிப்படுத்தவும்.'

வழக்கமாக நான் 'உறுதி' என்று ஒரு சொல் எழுதிவிட்டு அடுத்த குறிப்புக்குப் போய்விடுவேன். அன்று காலை முழுக்க அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பொய் எழுதினால் வேலை முடியும். உண்மையை விளக்கி எழுதினால் பெயர் போய்விடும், அக்காவிடம் இரண்டாவது தடவையாக வாக்கு மாறவேண்டும். டீச்சருக்குப் போன் எடுத்தேன்.

"பொய் எழுதாதேயும்," என்றார். "அந்தப் பிள்ளையின்ரை பேரிலை பொய் வேண்டாம்."

"அப்ப என்ன எழுதுறது?"

"நீர்தானே எடிட்டர்?" என்று போனை வைத்துவிட்டார். இப்படி நடு ஆற்றில் விட்டுப்போவதில் டீச்சரை மிஞ்ச ஆளில்லை.

எழுதினேன், அழித்தேன், எழுதினேன். கடைசியில் ஒரு வரிதான் மிஞ்சியது: 'அந்தப் பெயரில் அந்தக் குடும்பத்தில் இப்போது யாரும் இல்லை.'

அனுப்பிவிட்டு, பதில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பின்னேரம் மலைக்கு மேலே பனிமூடம் இறங்கும் நேரத்தில் அந்தக் குறிப்பு மூடப்பட்டிருந்தது. சரி என்று ஓர் அடையாளம், அவ்வளவுதான். என் 'மிகவும்'களை எல்லாம் ஓடி ஓடி வெட்டுகிறவர் அவர். என் வரியில் இருந்த 'இப்போது' அவர் கண்ணில் படாமல் போயிருக்க வாய்ப்பே இல்லை. அதை அவர் வெட்டவும் இல்லை, ஏன் என்று கேட்கவும் இல்லை. இன்றுவரை நானும் அவரிடம் கேட்கவில்லை. அவரோடு எத்தனையோ பக்கங்களுக்குச் சண்டை போட்டிருக்கிறேன், அன்றைக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது.

புத்தகம் அச்சாகி வந்தது. கொழும்பில் மேடை போட்டு வெளியிட்டார்கள். எங்களுக்குப் பார்சலில் கொஞ்சப் பிரதிகள் வந்தன. வழக்கம்போல எங்கள் இரண்டு பேரின் பெயரும் எங்கேயும் இல்லை. மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் மாறிப் போனோம்.

அக்கா புத்தகத்தை வாங்கி, தன் கதை இருந்த பக்கத்தை விரித்து, விரலால் வரி வரியாகத் தடவினார். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது. அடுத்த வரியிலும் நின்றது. அதற்குப் பிறகு அவர் வாசிக்கவில்லை, அந்தப் பெயரை மட்டும் தேடித் தேடித் தொட்டுக்கொண்டு போனார்.

"நான் வாசிச்சா விடிஞ்சிரும்," என்று புத்தகத்தை டீச்சரிடம் நீட்டினார். "நீங்களே வாசிங்க டீச்சர். இங்க வேணாம். எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசிங்க."

வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராதான் அந்த லயத்துக்கு மண்டபம், கூட்டம் போடும் இடம் எல்லாம். தண்ணீர்ப் புத்தகம் வந்திருக்கிறது என்றதும் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். குழாய் சுமந்தவர்கள் அல்லவா, தங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவேண்டாமா? அக்காவின் வீட்டுக்காரர் கதவருகே நின்றார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மா ஒரு கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்.

டீச்சர் வகுப்பில் வாசிப்பது போல நிமிர்ந்து நின்று வாசிக்கத் தொடங்கினார். முதல் வரியிலேயே பெயர் வந்தது. அதற்குப் பக்கத்திலிருந்த அடைப்புக்குறியையும் விடாமல், "பெயர் மாற்றப்பட்டுள்ளது" என்றும் வாசித்தார்.

குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா டீச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் நிறுத்தாமல் வாசித்தார். அந்தப் பெயரோடு 'போனார்', 'வந்தார்', 'கேட்டார்', 'பேசினார்' என்று வந்துகொண்டே இருந்தது. நூல் வழக்கப்படி 'ஆர்' போட்டுத்தான் நான் எழுதியிருந்தேன். அந்தப் பிள்ளையை அதுவரை யாரும் அப்படி மரியாதையாகச் சொல்லியிருக்கமாட்டார்கள். ஒவ்வொரு 'ஆரு'க்கும் அக்காவின் முகத்தில் ஒரு வெட்கம் வந்து போனது, பிள்ளைக்கு மேடையில் பரிசு கொடுக்கும்போது தாய்க்கு வருகிற வெட்கம். பிள்ளை இல்லாமல் போன வரி வந்தபோது டீச்சரின் குரல் கொஞ்சம் தடுமாறியது. சமாளித்துக்கொண்டு மேலே போனார். குழாய் வந்தது, தண்ணீர் வந்தது, கதை முடிந்தது.

யாரும் கை தட்டவில்லை. ஆயம்மாதான் முதலில் வாய் திறந்தார். பிள்ளையின் பெயரைச் சொன்னார். 'அந்தப் புள்ள' என்று சொல்லவில்லை, பெயரைத்தான் சொன்னார். "அவ தொட்டில் அந்தா, அந்த ஜன்னல் ஓரம்தான். வேற எடத்துல போட்டா ஒரே அழுக." இன்னொரு பெண், அதே பெயரைச் சொல்லி, தன் மகனும் அவளும் ஒரே வகுப்பு என்றார். மற்றவர்களும் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்கள், பெயரைச் சொல்லிச் சொல்லி. அவள் கொய்யா மரத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் கத்தியது, பாட்டுக்கு ஆடியது. கதவருகே நின்ற வீட்டுக்காரர் வெளியே போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, அந்தப் பெயரைத் தன் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது.

அக்கா அழவில்லை. எல்லோரும் பயந்தது போல ஒன்றும் நடக்கவில்லை. பேச்சு ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு டீச்சரைப் பார்த்தார்.

"இன்னொரு தடவ வாசிங்க டீச்சர்."

டீச்சர் பக்கத்தைத் திருப்பி முதலிலிருந்து தொடங்கினார். பெயரை வாசித்தார். அடைப்புக்குறிக்குள் இருந்த இரண்டு சொற்களை இந்தமுறை வாசிக்கவில்லை.